சர்வரில் 128 பிராசஸர்... மானிட்டரில் 64 மட்டும் தெரிவது ஏன்?

நள்ளிரவில் 'சிபியு 95 சதவீதம்' என்று அலர்ட் வருகிறது. ஆன்-கால் டியூட்டியில் இருப்பவர் அரைத் தூக்கத்தில் சர்வருக்குள் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அங்கே 50 சதவீதம்கூட இல்லை. எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. அதுதான் தலைவலியே!

காரணம், 64 என்ற எண். ஒரு புரோகிராம் எந்தெந்த பிராசஸரில் ஓடலாம் என்பதை விண்டோஸ் 64 பிட் கொண்ட ஓர் எண்ணில் குறித்து வைக்கிறது. ஒரு பிராசஸருக்கு ஒரு பிட். 65-வது ஆளுக்கு இடமே கிடையாது. அதனால் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில் 'பிராசஸர் குரூப்' முறை வந்தது. ஒரு குரூப்பில் அதிகபட்சம் 64 பிராசஸர்கள்.

அப்போது இது ராட்சத மெஷின்களின் சமாச்சாரம். இன்று ஏஎம்டியின் எபிக் 9654 என்ற ஒற்றை சிப்பிலேயே 96 கோர்கள். ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்காகும் என்பதால் விண்டோஸுக்கு அது 192 பிராசஸர். குறைந்தது மூன்று குரூப்!

சரி, அலர்ட் ஏன் குழப்பியது? பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் உள்ள 'பிராசஸர்' என்ற கவுன்ட்டர் குரூப் முறைக்கு முந்தைய காலத்து ஆள். ஒரு குரூப்பைத் தாண்டி அதற்குக் கண் தெரியாது. எல்லா குரூப்பையும் பார்ப்பது 'பிராசஸர் இன்ஃபர்மேஷன்' என்ற தனி கவுன்ட்டர். ஆனால், பல டேஷ்போர்டுகள் பழைய டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி அடித்தவை.

128 பிராசஸர் சர்வரில் 64 பேர் வியர்த்துக் கொட்ட, மீதி 64 பேர் சும்மா இருந்தால் பழைய கவுன்ட்டர் 95 காட்டும். டாஸ்க் மேனேஜர் 48 காட்டும். விண்டோஸ் சர்வர் 2022-க்கு முந்தைய வெர்ஷன்களில் ஒரு புரோகிராம் தானாக ஒரே குரூப்புக்குள்தான் ஓடும் என்பதால், இது நடக்கக்கூடியதுதான். இது புரியாமல் 'மெஷின் பத்தல' என்று புது சர்வருக்கு ஆர்டர் போட்டால் காசு தண்டம். இதைவிட மோசம், கவுன்ட்டர் சும்மா இருக்கும் குரூப்பைப் பார்ப்பது. வாடிக்கையாளர்கள் கத்துவார்கள், அலர்ட் வரவே வராது.

கவுன்ட்டர் கெட்டுப்போச்சு என நினைத்து அதை ரீபில்ட் செய்வதில் பலன் இல்லை. டேஷ்போர்டில் எத்தனை பிராசஸர் தெரிகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெயர்கள் 0, 1, 2 என்று ஒற்றை எண்ணாக இருந்தால் அது பழைய கவுன்ட்டர். 0,0 - 0,1 - 1,0 என ஜோடியாக இருந்தால் புதியது.

கவுன்ட்டரை மாற்றிய பிறகும் 'டோட்டல்' எண்ணை மட்டும் நம்பிவிட முடியாது. 128-ல் ஒரே ஒரு பிராசஸர் 100 சதவீதத்தில் மூச்சுத் திணறினாலும் சராசரியில் அது 0.78 சதவீதம்தான். ஒரே திரெட்டில் ஓடும் வேலை சிக்கினால் கிராஃபில் ஒரு சின்ன அசைவுகூட இருக்காது. லினக்ஸிலும் இதே கதைதான். அங்கே 'டாப்' திரையில் 1 என்ற கீயை அழுத்தினால் ஒவ்வொரு பிராசஸரும் தனித்தனி வரியாக வந்து நிற்கும்.