குப்பையிலிருந்து எழுந்த விமானங்கள்

ஐப்பசி அடைமழையில் தீக்குச்சி நமத்துப்போய், உரசினால் பற்றாமல் மருந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு இங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். இதே வறட்சி பழைய போர் விமானங்களுக்கும் நல்லது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ‘லிபரேட்டர்’ என்னும் குண்டுவீச்சு விமானங்களை 18,000-க்கும் மேல் கட்டியது. நான்கு எஞ்சின்கள், இறக்கையின் இரு நுனிகளுக்கு இடையே 110 அடி. இவற்றில் சில பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கடன்-குத்தகை ஒப்பந்தப்படி வந்து, இந்தியாவிலிருந்து பறந்தன. போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தரவேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும். ஆகவே கான்பூரில் அவற்றைக் குவித்து, இனி யாரும் ஓட்ட முடியாதபடி சிதைத்தார்கள். எஞ்சினுக்குள் மணலைக்கூடக் கொட்டினார்களாம்!

சுதந்திர இந்தியாவுக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. 1948-ல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். ஒன்றில் இறக்கை நன்றாயிருக்கும், இன்னொன்றில் வால். இதையும் அதையும் பொருத்தி, பறக்குமளவுக்கு ஒப்பேற்றினார்கள். ஜம்ஷெத் முன்ஷி என்ற விமானி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அந்தப் பயணங்களை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்டு, நாற்பதுக்கும் மேற்பட்டவை விமானப்படையில் சேர்ந்தன. 1968 வரை பறந்தன.

அதற்குள் மற்ற நாடுகளில் லிபரேட்டர்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டிருந்தன. அருங்காட்சியகங்கள் இந்தியாவைத் தேடி வந்தன. 1969-ல் ஒன்று அமெரிக்காவின் டூசான் நகருக்கும், 1974-ல் ஒன்று பிரிட்டனுக்கும் பறந்தே போய்ச் சேர்ந்தன.

டூசான் அரிசோனாப் பாலைவனத்தில் இருக்கிறது. போருக்குப் பின் அமெரிக்கா தன் உபரி விமானங்கள் பலவற்றை அங்கே நிறுத்தியது. ஏன்? விமானத்தின் உடல் அலுமினியக் கலவை. அதை எஃகு ஆணிகளும் பிற உலோகங்களும் தொடுகின்றன. ஈரமும் உப்பும் நடுவே புகுந்தால் அந்த இடம் ஒரு குட்டி மின்கலமாகிவிடும்! அலுமினியம் கரைந்து, வெள்ளைப் பொடியாக உதிரும். வறண்ட காற்றில் இந்தக் கலம் வேலை செய்யாது.

அப்படியானால் நம் கரிசல் காட்டிலும் நிறுத்தலாமே என்கிறீர்களா? காற்று சரி, மண் ஒத்துழைக்காது. கரிசல் களிமண் மழையில் நீரைக் குடித்து உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பல டன் எடையுள்ள விமானத்தின் சக்கரம் அதில் புதைந்துபோகும். டூசான் தரையோ சிமெண்டு போல இறுகியது. தளம் போடாமலேயே விமானத்தை நிறுத்தலாம்.

இந்த அரிப்பை நீங்களே பார்க்கலாம். ஓர் அலுமினியத் துண்டில் செம்புக் கம்பியை இறுகச் சுற்றி உப்புநீரில் போடுங்கள். கம்பி சுற்றாத இன்னொரு துண்டை வேறொரு டம்ளர் உப்புநீரில் போடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் எடுத்து, எதில் குழிகள் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள்.