கையொப்பத்துக்கு இடமில்லாத மணமகள்

சென்ற வாரம் 1929ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகக் கட்டளைச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். அதன் இடத்துக்கு வந்ததுதான் இலங்கையின் 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலதாரமணத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முதன்மையாகப் படுவது ஒரு கையொப்பம்.

திருமணப் பதிவான காவின் எழுதும் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிவாசலிலோ பெண் வீட்டு முன்கூடத்திலோ ஆண்கள் கூடியிருப்பார்கள். மாப்பிள்ளையின் கையைப் பெண்ணின் வலி, அதாவது அவளுடைய பொறுப்பாளர், பற்றியிருப்பார். பெரும்பாலும் அவளுடைய வாப்பாதான் வலி. அவர் இல்லையென்றால் வாப்பாவின் வாப்பா, சகோதரன் என்று ஆண்வழியில் அந்தப் பொறுப்பு இறங்கும். மணமகன் தரும் மஹர் இவ்வளவு என்று சொல்லி, தந்தேன், ஏற்றேன் என்று ஒப்பந்தம் நிறைவேறும். பிறகு பதிவுப் புத்தகம் வரும். மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலி ஒப்பமிடுவார். மணமகள் உள்ளறையில் இருப்பாள். புத்தகம் அவளிடம் போக வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் படிவத்தில் அவள் கையொப்பத்துக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

இதில் விந்தை என்னவென்றால், அவளுடைய சம்மதம் வேண்டும் என்பதை இதே சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஷாஃபி மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) சேர்ந்த பெண்ணின் திருமணத்தில், வலி நேரில் இருந்து அவளது சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 25ஆம் பிரிவு. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிகள். சம்மதம் அவளுடையது, அதைச் சொல்லும் வாய் வாப்பாவுடையது. வாப்பா கேட்டாரா, கேட்டபோது அவள் என்ன சொன்னாள், அழுதாளா என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. பின்னால் தகராறு வந்தால், நான் சம்மதிக்கவில்லை என்று சொல்லும் பெண்ணின் கையில் காட்ட ஒன்றுமில்லை.

வயதைப் பற்றிய விதியை இதோடு சேர்த்துப் படித்தால்தான் முழுப் பாரமும் தெரியும். பொதுச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்வோருக்கு 1995இல் குறைந்தபட்ச வயது 18 ஆனது. முஸ்லிம் சட்டத்தைத் தொடவில்லை. அதன் 23ஆம் பிரிவின்படி, 12 வயது நிரம்பாத சிறுமியின் திருமணத்தைப் பதிவு செய்ய, முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியாரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தால் பதியலாம். 12 நிரம்பியவளுக்கு அந்தக் கேள்வியும் கிடையாது. அதே 1995இல் தண்டனைச் சட்டக்கோவையும் திருத்தப்பட்டது. 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், வன்புணர்வு என்றானது. ஆனால் அவள் 12 வயதைத் தாண்டிய மனைவியாக இருந்தால் குற்றமில்லை என்று ஒரு விலக்கும் கூடவே வந்தது. பொதுச் சட்டத்தில் 18 வயதுக்கு முன் மனைவியாகவே முடியாத நாட்டில், அந்த விலக்கு யாருக்காக எழுதப்பட்டது? முஸ்லிம் சிறுமிகள் மட்டும்தான் அதற்குள் சிக்குகிறார்கள். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு விரித்த பாதுகாப்பிலிருந்து ஒரு சமூகத்தின் பிள்ளைகளை மட்டும் வெளியே நிறுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது என்பார்கள். ஆனால் கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணின் வரலாறு ஸஹீஹுல் புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. விருப்பமில்லாத இடத்தில் தந்தை மணமுடித்து வைத்தார் என்று அவர் நபிகள் நாயகத்திடம் போய் முறையிட்டார். நபிகளார் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார். முறையிட்டவர் பெண், முறையிட்டது தந்தையின் முடிவுக்கு எதிராக. மொரோக்கோ தனது குடும்பச் சட்டத்தில் 2004இலும் இந்தோனேசியா 2019இலும் பெண்ணின் திருமண வயதை உயர்த்தியபோது அந்த நாடுகள் மார்க்கத்தை விட்டு வெளியேறிவிடவில்லை. மொரோக்கோவில் அது 18, இந்தோனேசியாவில் 19.

இலங்கையில் கணவன் இன்னொரு திருமணம் செய்யும்போதும் மனைவியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அவன் காதியாருக்கு முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். வசதி இருக்கிறதா, முதல் மனைவியின் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறானா என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த அறிவித்தலை ஜும்ஆப் பள்ளிவாசல்களில் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது சட்டம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பெரும்பாலும் ஆண்கள்தான் போகிறார்கள். ஊர் ஆண்கள் எல்லாம் வாசித்து முடித்த பிறகு செய்தி அவள் வீட்டுக்கு வரலாம், வராமலும் போகலாம்.

பிரிய வேண்டுமென்றால் அவன் காரணம் சொல்லத் தேவையில்லை, தலாக் போதும். அவள் பஸஹ் என்ற காதி வழி விவாகரத்தைக் கேட்டால் கணவனின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும். காதியார் முன்னிலையிலும் மூன்று மதிப்பீட்டாளர்கள் முன்னிலையிலும் படுக்கையறைக் கொடுமைகளைச் சொல்ல வேண்டும். காதியாராக முஸ்லிம் ஆண் ஒருவரைத்தான் நியமிக்கலாம் என்பது சட்டத்தின் வாசகம். மேன்முறையீட்டைக் கேட்கும் காதிகள் சபையும் ஆண்களுக்குத்தான். காதியார் முன் வழக்கறிஞரைத் துணைக்கு அழைக்கவும் அனுமதியில்லை. மலேசியாவில் 2010இலேயே ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் வந்துவிட்டார்கள்.

அடிப்படை உரிமை வழக்குப் போடலாமே என்று கேட்கலாம். அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை வழியை அடைக்கிறது. அரசியலமைப்புக்கு முன்பே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், செல்லும் என்கிறது அது. ஆகவே இதை மாற்றும் இடம் பாராளுமன்றம்தான். இந்தச் சட்டத்தின் திருத்தங்களை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு அமைத்தார்கள். அறிக்கை 2018 ஜனவரியில்தான் கைக்கு வந்தது, அதுவும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்ற அறிக்கை. குழு அமைத்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு 2021இல் 12 வயது நிரம்பிவிட்டது.

இத்தனை ஆண்டுகளும் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் முஸ்லிம் பெண்கள். புத்தளத்திலும் கிழக்கிலும் காதி நீதிமன்ற வாசலில் காத்திருந்த பெண்களோடு கூடவே உட்கார்ந்தவர்கள். சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற வசையைத் தம் சொந்த ஊரிலேயே கேட்டவர்கள். பலதாரமணமா, வலியின் அதிகாரமா, காதி முறையே வேண்டுமா என்பதில் மௌலவிமாரும் அவர்களும் நெடுநாள் வாதிடட்டும். மணமகளின் கையொப்பத்துக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 25ஆம் பிரிவு வலியின் வாயால் கேட்கும் சம்மதத்தை அவள் கையாலேயே எழுதி வாங்கலாம். எந்த மத்ஹபும் அதைத் தடுக்கவில்லை. படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும், புத்தகம் உள்ளறைக்கும் போக வேண்டும்.

அடுத்த வாரம்: பிள்ளைகளின் தாபரிப்புப் பணமும் அதை வசூலிக்கும் பாடும்.

(தொடரும்)