நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பா? அடுப்பில் வைத்ததும் என்ன ஆகிறது?

நண்டின் ஓட்டைப் பிளந்தால் உள்ளே கூழ் மாதிரி மஞ்சளாக ஒன்று இருக்கும். 'எல்லாம் கொழுப்பு' என்று சிலர் அதை வழித்து எறிந்துவிடுகிறார்கள். சிலருக்கோ குழம்பின் ருசியே அதில்தான்.

உண்மையில் அது வெறும் கொழுப்பு இல்லை, ஓர் உறுப்பு. நம் உடலில் கல்லீரலும் கணையமும் செய்யும் வேலையை நண்டுக்கு அது ஒன்றே செய்கிறது. நண்டு கொழுப்பைச் சேமிப்பது பெரும்பாலும் அங்கேதான். கால், கொடுக்கில் உள்ள வெள்ளைச் சதையில் 100 கிராமுக்கு சுமார் 1 கிராம் கொழுப்புதான் இருக்கும்.

சூடு பட்டால் என்ன நடக்கும்?

இந்தக் கொழுப்பில் ஒமேகா-3 உண்டு. வேகும்போது அதில் ஒரு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்து, வாசனைப் பொருட்களாக மாறுகிறது. தெருமுனை வரை போகும் நண்டுக் குழம்பு வாசனையில் மசாலாவோடு இதற்கும் பங்கு இருக்கிறது. ஆனால் இதே மாற்றம் அளவு மீறினால் காறல் வாடைதான் மிஞ்சும். மறுநாள் திரும்பத் திரும்பச் சுட வைத்த குழம்பில் கவிச்சி தூக்கலாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

ஓடு சிவப்பதும் சூட்டால்தான். அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் சூட்டில் தன் பிடியை விட்டுவிடுகிறது. இந்த நிறமி எண்ணெயில் கரையும். அதனால் குழம்பின் மேல் மிதக்கும் சிவப்புக்கு மிளகாய்த்தூள் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது!

வெள்ளைச் சதையின் இனிப்பு வேறு கதை. கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள் தரும் ருசி அது, தண்ணீரில் கரைந்துவிடும். நிறைய தண்ணீரில் வேக வைத்து வடித்துவிட்டால் ருசியும் அதோடு போச்சு. ஆவியில் வேக வைக்கலாம், இல்லை ரசமாக வைத்து அந்தத் தண்ணீரையே குடித்துவிடலாம்.

செத்து நேரமான நண்டை வாங்கவே கூடாது. அந்த மஞ்சள் உறுப்பில் உள்ள செரிமான நொதிகள் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் சதை கொழகொழவென்றுதான் இருக்கும்.

சூட்டால் போகாததும் உண்டு. காட்மியம் என்ற நச்சு உலோகம் நண்டில் இந்த உறுப்பில்தான் அதிகம் சேரும். சமைப்பதால் அது அழியாது. இதை அளவோடு சாப்பிடும்படி ஐரோப்பிய ஆணையம் 2011-லேயே அறிவுறுத்தியது. எப்போதாவது சாப்பிடுபவர்கள் பயப்படத் தேவையில்லை. வாராவாரம் வழித்துச் சாப்பிடுபவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது.

நண்டு அலர்ஜி இருப்பவர்களுக்கு 'நல்லா வெந்துடுச்சு, சாப்பிடலாம்' என்ற சமாதானம் ஆபத்து. அலர்ஜியைத் தூண்டும் டிரோபோமயோசின் புரதம் கொதிக்கும் சூட்டையும் தாங்கிவிடும்.