அறுவதற்கு முன் அறிய வேண்டிய பெல்ட்

கூட்டரசு நெடுஞ்சாலை பெட்டாலிங் ஜெயாவைக் கடக்கும் பகுதியில் மாலை நெரிசலில் கார்கள் நகராமல் நிற்கும்போதும், ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கியையும் ஏர்கண்டிஷனரின் கம்ப்ரசரையும் சுழற்றும் ரப்பர் பெல்ட் எஞ்சினின் வெப்பத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால், கடந்த கிலோமீட்டரை மட்டும் கொண்டு அதன் தேய்மானத்தைக் கணிக்க இயலாது.

வழக்கில் ஃபேன் பெல்ட் எனப்படும் இதனை டைமிங் பெல்ட்டோடு குழப்பலாகாது. 2004இல் ஜென்-2 காருடன் அறிமுகமான புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சினில், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை உள்ளிருக்கும் பற்களுள்ள டைமிங் பெல்ட் காக்கிறது. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பழுதாகும். 2005இல் வந்த பெரோடுவா மைவியின் 1.3 லிட்டர் எஞ்சினில் அந்த வேலையைச் சங்கிலி செய்கிறது, எனினும் வெளிப்புற பெல்ட் அதற்கும் உண்டு.

பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் வெடிப்பு விட்டுத் தம் முதுமையைக் காட்டின. இன்று பரவலாக உள்ள ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரோ வெடிக்காமலேயே தேய்ந்து, வரிப்பள்ளங்கள் ஆழமாகிக் கப்பியில் வழுக்கத் தொடங்குவதால், வெடிப்பில்லை என்பதை நலத்தின் சான்றாகக் கொள்வது பிழையாகும்.

மாற்றும் பணியில் முதன்மையான ஆபத்து சுழற்சியே. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, நன்கு ஆறவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும். ஏனெனில் சில கார்களில் ரேடியேட்டரின் மின்விசிறி, எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலக்கூடும். பெல்ட் கப்பிகளைச் சுற்றிச் செல்லும் வழியைக் கழற்றுமுன் படமெடுத்துக்கொள்வது மிகவும் உதவும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் வலிய சுருள்வில் இருப்பதால், நீண்ட ஸ்பேனரால் மெல்லத் தளர்த்தி மெல்லவே விட வேண்டும். அதன் பாதையில் விரல் இருக்கக் கூடாது. ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளிழைகள் அறுந்து புதிய பெல்ட்டும் விரைவில் கெடும். 6 பிகே 1200 என்னும் குறியீடு 6 வரிகளையும் 1200 மில்லிமீட்டர் நீளத்தையும் சுட்டுவதால், பழையதோடு அதை ஒப்பிடுவது அவசியம்.

பெல்ட் கழன்றிருக்கும் வேளையிலேயே ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்: கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. எண்ணெயோ குளிர்நீரோ கசிந்து பழைய பெல்ட்டை ஊறவைத்திருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். புதிய பெல்ட்டின் வரிகள் எல்லாக் கப்பிகளின் பள்ளங்களிலும் பொருந்தியுள்ளனவா என்பதைச் சரிபார்த்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, அணைத்த பின் மறுபடியும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வரி விலகியிருந்தாலும் பெல்ட் ஓரத்திலிருந்து பிய்ந்துவிடும்.