வருஷா வருஷம் ஊசி வேண்டுமா?

நாய் வளர்க்கும் வீடுகளில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு சிறு யுத்தம் தவறாமல் நடக்கும். "தேதி வந்துவிட்டதே, டாமிக்கு ஊசி போட வேண்டாமா?" என்கிறீர்கள் நீங்கள். "போன வருஷம்தானே போட்டோம்? அதற்குள் என்ன அவசரம்?" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து உங்கள் கணவரின் குரல் வருகிறது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் வேறு, "இங்கெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான், மன்னி!" என்று டெலிபோனில் சொல்லிவிடுகிறாள்.

யார் சொல்வது சரி? மூவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதுதான் வேடிக்கை!

'நாய் ஊசி' என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரே ஊசி அல்ல. டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரலைத் தாக்கும் ஒரு வியாதி ஆகிய மூன்றும் வைரஸ் கிருமிகளால் வருபவை. எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. இவை தவிர வெறிநோய். ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

முதல் மூன்றை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடுகிறோம். அதை வருஷா வருஷமா போடுகிறோம்? உடம்பு அந்தக் கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நாயின் உடம்பும் அப்படித்தான். பின் எங்கிருந்து வந்தது இந்த ஒரு வருஷக் கணக்கு? மருந்து தயாரித்தவர்கள் பெரும்பாலும் ஓராண்டு வரைதான் சோதித்துப் பார்த்தார்கள். ஆகவே 'ஓராண்டு' என்று அச்சிட்டார்கள். அதற்கு மேல் மருந்தின் சக்தி போய்விடும் என்று கண்டுபிடித்து எழுதியது அல்ல அது.

1978-லேயே ரொனால்ட் ஷுல்ட்ஸ், பிரெட் ஸ்காட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், "மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும்" என்று எழுதினார்கள். அப்போது அதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1991-ல் சில பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்திலேயே புற்றுக்கட்டி உண்டாவதாகச் செய்தி வந்தது. அதன் பிறகுதான், அவசியமில்லாமல் ஏன் குத்த வேண்டும் என்ற விவாதம் சூடு பிடித்தது. 2003-ல் அமெரிக்கப் பிராணி மருத்துவமனைகள் சங்கம் மூன்று வருஷக் கணக்கை ஏற்றுக்கொண்டது. உலகச் சிறு பிராணி வைத்தியர்கள் சங்கமும் இப்போது அதையேதான் சொல்கிறது: இந்த மூன்று வியாதிகளுக்கும், வளர்ந்த நாய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஊசி வேண்டியதில்லை.

"அப்படியானால் ஊசி ஆபத்தா?" என்று பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2005-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் ஏதாவது ஓர் உபத்திரவம் கண்டவை, 10,000 நாய்களுக்குச் சுமார் 38 மட்டுமே. ஆனால் உருவத்தில் சிறிய நாய்களுக்கு ஒரே நாளில் பல ஊசிகளைச் சேர்த்துப் போட்டபோது அந்த எண்ணிக்கை கூடியது. ஆபத்து சொற்பம்தான்; இருந்தாலும் பயனில்லாத ஊசிக்காகச் சொற்ப ஆபத்தையும் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? வாதத்தின் சாரம் இதுதான்.

வைத்தியர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஊசி என்ற சாக்கில்தான் பலர் நாயை டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். அந்தச் சமயத்தில்தான் பல் சொத்தையும், இருதயக் கோளாறும், உடம்பில் கட்டியும் கண்ணில் படுகின்றன. ஊசி இல்லாத வருஷத்திலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

இனி எலிக்காய்ச்சல். இங்கே மூன்று வருஷக் கணக்கு செல்லாது. இந்த ஊசியின் காப்பு சுமார் ஒரு வருஷம்தான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இந்தக் கிருமி இருக்கும், மனிதருக்கும் தொற்றும். மழைக்காலத்தில் நம் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதை நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? இதை வருஷா வருஷம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

வெறிநோய் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நோய் கண்டுவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாக இல்லை. மனிதருக்கு இது வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயால்தான். கடிபடுகிறவர்களில் குழந்தைகள் ஏராளம். மூன்று வருஷம் காப்பளிக்கும் வெறிநோய் மருந்துகளும் உண்டு என்பது உண்மையே. ஆனால் தெருவுக்குத் தெரு நாய்கள் திரியும் நம் ஊரில், உள்ளூர்ச் சட்டமும் உங்கள் டாக்டரும் சொல்லும் கெடுவை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். சென்னையில் நாய்க்கு லைசென்ஸ் வாங்கவும் இந்த ஊசிச் சான்றிதழ் வேண்டும்.

இத்தனை விவாதத்துக்கு நடுவே பலர் கோட்டை விடுவது குட்டிப் பருவத்தில்தான். "இரண்டு ஊசி போட்டாயிற்று, போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். தாயிடமிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி, சில வாரங்கள் வரை ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் விலகும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும் வரை போடச் சொல்கிறார்கள். ஆறு மாதம் ஆனதும் இன்னும் ஒன்று. இதை அரைகுறையாக விட்ட குட்டியைத்தான் பார்வோ கொண்டுபோகிறது.

ஆகவே, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். "இன்றைக்குப் போடுவது எந்த வியாதிக்கு? அதன் காப்பு எத்தனை வருஷம்?" என்று கேளுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கவும் வழி உண்டு. நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஊசி போட்ட நாயோ, போடாத நாயோ, கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம்.