குட்டி விமானம் பறக்க விடுறீங்களா? விரல் பத்திரம்!

பேட்டரியில் பறக்கும் ரிமோட் விமானத்தைப் பெட்டியைப் பிரித்து ஒரே மாலையில் மாட்டிவிடலாம். அவசரப்பட்டால் முதல் நாளே மூக்கு உடையும்.

இறக்கை, வால், மோட்டார் என எல்லாம் பொருத்தி சோதித்த பிறகுதான் முன்விசிறியை மாட்ட வேண்டும். அதற்கு முன் மோட்டார் திடீரென சுற்றினால் விரல் காலி!

அடுத்து எடை. இறக்கையின் முன் விளிம்பில் இருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள், இரண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்கணும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளணும். வால் கனத்தால் கட்டுக்கு அடங்காமல் விழும்.

முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகே விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது பேட்டரியை முதலில் கழற்றணும்.

காற்றுக்கு எதிராகவே ஏற்றி இறக்க வேண்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது, வலது மாறித் தெரியும். புதுசா பழகுறவங்க கோட்டை விடுவது இங்கேதான்.

லித்தியம் பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டு தூங்கக் கூடாது. உப்பிப் போனதை மறுபடி சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கலாம். உஷார்!

ஆள் நடமாட்டம், மின்கம்பி இல்லாத திறந்த மைதானமே நல்லது. விமான நிலையம் பக்கம் போகவே கூடாது.