கண்ணளவும் ஓர் அளவே

நான் வசிக்கும் அம்பத்தூர், துல்லியத்தால் பிழைக்கும் ஊர். 1960-களில் உருவான இங்குள்ள தொழிற்பேட்டையில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பல உதிரிபாகங்கள் நிராகரிக்கப்படும். அந்தப் பட்டறைகளில் உழைப்போரின் வீடுகளிலோ உப்பை விரல் நுனியும், உலைநீரைக் கண்ணும் அளக்கின்றன. முன்னது அறிவியல், பின்னது வெறும் பழக்கம் என ஒதுக்கிவிட முடியுமா?

வெல்லப்பாகை எடுத்துக்கொள்வோம். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டினால் மென்மையாக உருள்வது உருட்டுப் பதம். வெப்பமானி அதனை ஏறத்தாழ 112 முதல் 116 பாகை செல்சியஸ் என்று காட்டும். கருவி சொல்வதை விரலும் சொல்கிறது. 'பதம்', 'பக்குவம்' ஆகிய சொற்கள் இந்த அறிவுக்கு நம் மொழி சூட்டிய பெயர்கள்.

அளவு மட்டுமே போதாது என்பதற்கு இட்லி மாவே சான்று. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற விகிதம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. ஆனால், மாவைப் புளிக்கவைத்து வாயுவால் உப்பச் செய்யும் நுண்ணுயிர்கள் வெப்பத்துக்கேற்ப இயங்குகின்றன. கத்திரி வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம்கூடக் கேட்கும். அதைக் கடிகாரம் அறியாது. மூக்கும் கண்ணும் அறியும்.

இதனால் ஏட்டறிவு வேண்டாம் என்பதல்ல. 1951-இல் வெளியான எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', தாயின் அருகில் நின்று கற்க வாய்ப்பில்லாத எத்தனையோ பெண்களுக்கு ஆசானாக இருந்தது. 1958-இல் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கி, ஆழாக்கும் உழக்கும் மெல்ல மறைந்தபோதும் சமையல் மறையவில்லை. பாத்திரம் மாறினாலும் விகிதம் மாறாது என்பதே காரணம்.

கைக்கணக்குக்கும் எல்லை உண்டு. குழம்பில் உப்புக் குறைந்தால் பிறகு சேர்க்கலாம். அடுப்பினுள் சென்ற கேக்கைத் திருத்த வழியில்லை. சோடா மாவைத் தேக்கரண்டியால் அளந்தே தீர வேண்டும். ஆயினும், ரொட்டி மாவுக்கு இன்னும் எவ்வளவு நீர் தேவை என்பதை, பிசையும் கைதான் முடிவு செய்கிறது.

ஆகவே, கைப்பக்குவம் என்பது பிறவி வரம் அன்று. பல்லாயிரம் முறை உற்றுநோக்கியதன் சேமிப்பு. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இன்று தெருவுக்குத் தெரு மாவுப் பொட்டலம் கிடைக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்களின் சுமையை அது குறைத்திருப்பதால் அதனைக் குறைகூற மாட்டேன். ஆனால், பொட்டலத்தில் மாவு வரும். பதம் பார்க்கும் அறிவு வராது.

வீட்டு மூத்தவர் போடும் கைப்பிடியை ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் அருகிலேயே அவர் கவனிக்கும் நிறத்தையும் மணத்தையும் ஓசையையும் எழுதுங்கள். மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். எழுதப்படாத இந்த ஏடு, அவரோடு முடிந்துவிடக் கூடாது.